இருப்புப் பதிவேட்டில் ஒரு மின்சாரக் கூடம்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் ரெக்கார்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா பட்டுத் தறி நெய்பவர். பையன் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். "தாத்தா, நீங்க காலேஜ்லதான வேலை பார்த்தீங்க? இந்த ஹாப்கின்சன் டெஸ்ட் உங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

நான் வாத்தியார் இல்லை, குமாஸ்தா என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். படம் அழகாகப் போட்டிருந்தான். அட்டவணையில் எண்களும் ஒழுங்காக இருந்தன. "மெஷின் எப்படி ஓடிச்சு?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ரெண்டு மெஷின்ல ஒண்ணு ரிப்பேர் தாத்தா. ரீடிங் சீனியர் ரெக்கார்டுல இருந்து எழுதிட்டோம்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். அன்று இரவு தூக்கம் வராமல், நம் ஊர்ப் பக்கம் இந்த மின்சாரப் படிப்புக்கான கூடங்கள் எப்படி வந்தன என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் தாய்வீடு கிண்டிதான். 1794-ல் கோட்டைக்கு அருகே எட்டுப் பையன்களை வைத்துக்கொண்டு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது அது. 1858-ல் சிவில் என்ஜினீயரிங் பள்ளி ஆயிற்று, அடுத்த ஆண்டே கல்லூரி. சேப்பாக்கத்தில் இருந்துவிட்டு 1920-ல் கிண்டிக்குக் குடிபோனது. இன்றைக்கும் அந்தச் செங்கட்டடத்தைப் பார்த்தால் ஒரு மரியாதை வரும். ஆனால் மின்சாரத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு அங்கே வந்தது 1930-ல்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895-ல். பெங்களூரில் டாடா இன்ஸ்டிடியூட் 1911-ல் பாடம் தொடங்கியபோதே எலெக்ட்ரிகல் டெக்னாலஜி அதில் ஒரு துறை. நம் கிண்டியில் மட்டும் ஏன் 1930 வரை காத்திருந்தார்கள்? என் அபிப்பிராயம் இது. டிராமும் நகரத்து விளக்கும் கம்பெனிக்காரர்களின் சமாச்சாரம். மெஷினோடு சேர்த்து அதை ஓட்டும் ஆளையும் சீமையிலிருந்தே கொண்டுவந்துவிடலாம். அரசாங்கமே மின்சாரம் உற்பத்தி செய்யப் புறப்பட்டபோதுதான் இந்த ஊர்ப் பையன்கள் தேவைப்பட்டார்கள். 1927-ல் சென்னை மாகாணத்தில் மின்சார இலாகா உண்டாயிற்று. நீலகிரியில் பைக்காரா வேலை நடந்து 1932-ல் மின்சாரம் வந்தது. மூவாயிரம் அடிக்கு மேலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி எடுத்த மின்சாரம். கோயம்புத்தூர் மில்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். மேட்டூர் மின் நிலையம் 1937, பாபநாசம் 1944. கம்பி இழுக்கவும், துணை மின் நிலையம் பார்க்கவும், ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப் ஆனால் ஓடிப்போய் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் புத்தகம் மட்டும் படித்து வர முடியாது. அதற்குத்தான் கூடம்.

இனி நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிழைப்புக்குக் கிடைத்தது தமிழ்நாட்டு அரசுக் குமாஸ்தா வேலை. அதில் பல வருஷங்கள் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியின் ஸ்டோர்ஸ் பிரிவில். கல்லூரியின் பெயர் வேண்டாம். இண்டென்ட், டெண்டர், பில், இருப்புப் பதிவேடு, இவைதான் என் உலகம். ஆண்டுக்கு ஒருமுறை இருப்புச் சரிபார்ப்பு என்று பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு லேபாகப் போய் எண்ண வேண்டும். சிவில் லேபில் சிமென்ட் தூசி. கெமிஸ்ட்ரி லேபில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரிகல் மெஷின் லேபுக்குள் போனால் மட்டும் எனக்கு ஏதோ கோயில் மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். உயரமான கூரை, வரிசையாகச் சிமென்ட் மேடைகள், மேடைக்கு ஒரு மெஷின், எண்ணெயும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை. ஒவ்வொரு மீட்டரின் அடியிலும் வெள்ளை பெயின்டால் இருப்பு எண். அந்த எண்ணில் பாதி என் கையெழுத்து.

முதல் வருஷம் பதிவேட்டை வாசிக்கும்போது "ஆம்பேர் மீட்டர், பன்னிரண்டு" என்று படித்தேன். லேப் அட்டெண்டர் உள்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது அம்மீட்டர், ஆம்பியர். ஒரு பெரிய புரொபசர் மட்டும், "சிரிக்காதீங்கய்யா, அவர் சொல்றதுதான் சரி, அது அந்த மனுஷன் பேரு" என்றார். அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம்.

அந்த மனுஷன் பெயர் என்று அவர் சொன்னது உண்மை. ஆந்த்ரே மரி ஆம்பேர், 1775-ல் லியோன் நகரத்தில் பிறந்தவர். லியோன் என்றால் பிரான்சின் காஞ்சிபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டு நெசவு ஊர். ஆம்பேரின் அப்பா பட்டு வியாபாரி. புரட்சிக் காலத்தில், 1793-ல், அவரை கில்லட்டினில் தலையை வெட்டிவிட்டார்கள். அப்போது மகனுக்குப் பதினெட்டு வயது. பையன் ரொம்ப நாள் யாரோடும் பேசாமல் கிடந்ததாகப் பள்ளியில் படித்திருக்கிறேன். 1820-ல் டென்மார்க்கில் எர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புகிறது என்று கண்டார். செய்தி பாரீசுக்கு வந்த சில வாரங்களுக்குள், ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று ஆம்பேர் செய்து காட்டிவிட்டார். 1881-ல் பாரீசில் கூடிய மின்சார மாநாட்டில் ஆம்பியர், வோல்ட், ஓம் எல்லாம் உலகத்துக்கே பொது அளவைகள் ஆயின.

அதே லியோன் நகரத்தில் 1752-ல் பிறந்த இன்னொருவர் ஜக்கார்டு. நெசவாளி வீட்டுப் பிள்ளை. நம் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, துளை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்குகின்றனவே, அது அவர் பெயர்தான். ஆக, பக்கத்து வீட்டில் அப்பாவின் தலைக்கு மேலே ஒரு லியோன்காரர், பையனின் நோட்டுக்குள்ளே இன்னொரு லியோன்காரர். இதைச் சொன்னபோது பையனைவிட அப்பாதான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

சரி, கூடத்துக்கு வருகிறேன். மெஷின் லேபில் மாணவன் முதலில் தொடுவது ஸ்டார்ட்டர். கறுப்புப் பலகையில் அரைவட்டமாகப் பித்தளைக் குமிழ்கள், நடுவில் ஒரு கைப்பிடி. நின்றுகொண்டிருக்கும் டி.சி. மோட்டாரில் நேரே மின்சாரத்தைக் கொடுத்தால் கம்பியே கருகும் அளவுக்குப் பாயும். ஓட ஆரம்பித்த பிறகு மோட்டாரே எதிர்த்துத் தள்ளிச் சமாளித்துக்கொள்ளும். அதனால் கைப்பிடியை ஒவ்வொரு குமிழாக, நிதானமாக நகர்த்த வேண்டும். கடைசிக் குமிழில் ஒரு மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் கைப்பிடியை ஆரம்ப இடத்துக்கே இழுத்துவிடும். அவசரக்காரப் பையனை அந்த லேப் இந்த ஒரு கைப்பிடியிலேயே கண்டுபிடித்துவிடும்.

ஹாப்கின்சன் டெஸ்டுக்கு ஒரே மாதிரி இரண்டு மெஷின் வேண்டும். இரண்டையும் அச்சில் இணைத்துவிடுவார்கள். ஒன்று மோட்டாராக ஓடி மற்றதைச் சுற்றும். மற்றது ஜெனரேட்டராக மின்சாரம் செய்து அதை மோட்டாருக்கே திருப்பிக் கொடுக்கும். வெளியிலிருந்து கொடுப்பது, உராய்விலும் சூட்டிலும் வீணாகிறதே, அது மட்டும்தான். பெரிய மெஷினைக்கூட முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்க்கலாம், கரண்ட் பில் ஏறாது. கோர்வைத் தறியில் நெய்பவர் ஒரு பக்கம், நாடாவை வாங்கித் திருப்பித் தரும் பிள்ளை ஒரு பக்கம் இருக்கிறார்கள் அல்லவா, அதைப் போலத்தான். ஒருவர் இல்லாவிட்டால் கோர்வை இல்லை. ஒரே மெஷின் மோட்டாராகவும் ஜெனரேட்டராகவும் இருக்க முடியும் என்பதைப் பாரீசில் தொழில் செய்த கிராம் என்பவரின் மெஷினை வைத்து 1873-ல் வியன்னா பொருட்காட்சியில் உலகம் பார்த்தது. அதற்கு முன் இரண்டும் வேறு வேறு ஜாதி என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. ஆல்டர்னேட்டரை வெளி லைனோடு சேர்ப்பார்கள். மூன்று பல்புகளைக் குறுக்கே மாட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் வேகம் ஒத்துவராவிட்டால் மூன்றும் சேர்ந்து படபடவென்று மின்னும். வேகத்தைச் சரிசெய்யச் செய்ய மின்னல் மெதுவாகும். பிறகு மூச்சு விடுகிற மாதிரி, மெல்ல எரிந்து, மெல்ல அணைந்து, மறுபடி மெல்ல எரியும். முழு இருட்டின் நடுவில் சுவிட்சைப் போட வேண்டும். தப்பான நேரத்தில் போட்டால் மெஷின் ஒரு உறுமு உறுமும், மேடையே அதிரும். பையன்கள் அனைவரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். நானும் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். நாடு முழுவதும் மின் நிலையங்களில் ஒவ்வொரு ஜெனரேட்டரையும் இப்படித்தான் லைனோடு சேர்க்கிறார்கள். இப்போது அதைக் கருவியே செய்துவிடுகிறது.

பழைய லேபில் பாதரச ரெக்டிஃபையர் என்று ஒன்று இருந்தது. பூசணிக்காய் அளவு கண்ணாடிக் குடுவை, அதிலிருந்து கைகள் மாதிரி குழாய்கள். ஓடும்போது உள்ளே நீல ஊதா வெளிச்சம் நடனமாடும். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் வேலை அதற்கு. இன்று அதே வேலையை விரல் நகம் அளவு சில்லு செய்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சில்லைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை.

இந்தக் கூடங்களின் கதையில் நான் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒரு பெயர் அ. லலிதா. நம் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1919-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே எலெக்ட்ரிகல் புரொபசர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டில் கணவர் இறந்துபோனார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த நிலைமையில் ஒரு பெண்ணுக்கு வீட்டில் எந்த மூலை ஒதுக்கப்படும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் குவீன் மேரீஸ் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். அப்பா கிண்டி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். 1940-ல் லலிதா எலெக்ட்ரிகல் படிப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். அவர் தனியாக இருக்கக் கூடாதென்று பெண்களையும் சேர்ப்போம் என்று கல்லூரி அறிவித்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இருவர் சிவில் பிரிவில் வந்தார்கள். திரேசியா பின்னாளில், 1971-ல், கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. வகுப்பில் ஒரு பெண்ணை ஒதுக்கி உட்கார வைத்துவிடலாம். யாரும் பேசாமலே மூன்று வருஷம் ஓட்டிவிடலாம். மெஷின் லேபில் அது நடக்காது. ஒருவர் ஸ்டார்ட்டரைப் பிடிக்க வேண்டும், ஒருவர் ரியோஸ்டாட்டை நகர்த்த வேண்டும், ஒருவர் அச்சில் வேகமானியை வைக்க வேண்டும், ஒருவர் "இப்போ" என்று சொல்ல, எல்லோரும் ஒரே நொடியில் மீட்டரைப் படிக்க வேண்டும். மெஷின் யார் ஆண், யார் விதவை என்று பார்க்காது. கை நடுங்கினால் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

1943-ல் படிப்பை முடித்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் வேலை, பிறகு கொஞ்ச காலம் அப்பாவோடு ஆராய்ச்சி. மின்சார வாத்தியம், புகையில்லாத அடுப்பு என்று அப்பாவும் மகளும் ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் மின் தொடர்களும் துணை மின் நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணை வேலையிலும் அவர் கை உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். 1979-ல் காலமானார். இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிகல் என்ஜினீயர் என்று இப்போது எழுதுகிறார்கள்.

கிண்டிக்குப் பிறகு கூடங்கள் பெருகின. 1945-ல் கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவும், 1949-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி., 1951-ல் பி.எஸ்.ஜி., 1952-ல் காரைக்குடி, 1957-ல் மதுரை தியாகராஜர். 1959-ல் ஜெர்மனி உதவியோடு ஐ.ஐ.டி. வந்தபோது கருவிகளும் அங்கிருந்தே கப்பலில் வந்தன. 1978-ல் கிண்டி, ஏ.சி. டெக், எம்.ஐ.டி. எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் வந்தன.

உயர் அழுத்த லேப் எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. கிண்டியில் அதற்கென்று ஒரு மேற்படிப்பே உண்டு. அங்கே மின்னலைக் கையால் செய்வார்கள். பல மின்தேக்கிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மெதுவாக நிரப்பி, ஒரே நொடியில் ஒன்றின் தலையில் ஒன்றாக ஏற்றிவிடுவது. மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருஷத்துக்கு முன் சொன்ன வழி. அந்த அழுத்தத்தை அளக்க இரண்டு செப்புக் கோளங்களை வைத்து, எவ்வளவு இடைவெளியில் பொறி தாவுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறக்குறைய முப்பதாயிரம் வோல்ட் வேண்டும். நம் தாமல் ஏரிக்கரையில் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறதே பீங்கான் இன்சுலேட்டர், அதன் ரகம் இந்த மாதிரி ஒரு கூடத்தில் செயற்கை இடியைத் தாங்கிக் காட்டிய பிறகுதான் கம்பத்துக்கு வரும்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு வருஷம் மார்ச் மாதத்துக்குள் பயன்படாத சாமான்களைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று மேலிருந்து தாக்கீது. ஆடிட் ஆட்சேபணை ஏற்கெனவே இருந்தது. லேப் மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்தார். நான் டைப் அடித்தேன். அதில் ஒரு மோட்டார் ஜெனரேட்டர் செட், கிராம்ப்டன் பார்க்கின்சன், சீமைச் சரக்கு. மூன்று வருஷமாக ஓடவில்லை. ரிப்பேருக்கு வந்த கொட்டேஷன் பட்ஜெட்டுக்கு மேல். "பழுது நீக்க இயலாதது" என்று நான்தான் எழுதினேன். அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல, நாற்காலிக்கும் அதுதான், மேசைக்கும் அதுதான். கமிட்டி கையெழுத்துப் போட்டது. ஏலத்தில் காயலான் கடைக்காரர் எடுத்தார். செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை, கிலோக் கணக்கில்.

ஆம்பேர் என்று நான் சொன்னது சரி என்றாரே அந்தப் புரொபசர், அவர் அப்போது மருத்துவ விடுப்பில். திரும்பி வந்து லேபுக்குள் போனார். சிமென்ட் மேடையில் நான்கு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் மேசைக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "பேரிங் மட்டும்தான் போயிருந்தது. ஹாப்கின்சனுக்கு அதுக்கு ஜோடி ஒண்ணு உள்ளே இருக்கே, அதை இனிமே என்ன பண்றது?" என்றார். நான் கோப்பைக் காட்டினேன். எல்லாம் விதிப்படி இருந்தது. அவர் கோப்பைப் பார்க்காமலே போய்விட்டார்.

புது ஜோடி வாங்க மூன்று பட்ஜெட் ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் பையன்கள் எங்கிருந்து ரீடிங் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடினான். பிறகு, "அந்த பல்பு மூணும் இருட்டாகறது, அது எங்க லேப்லயும் இருக்கு தாத்தா, மேல தூசியா கிடக்கு. யாரும் போட்டுக் காட்டல" என்றான்.

"கேட்டுப் பாரேன்டா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு லேப். இன்று ஞாயிறு.